கைதட்டலுக்கு விட்ட இடம்

தம்போய்,
வியாழன் முற்பகல்.

பத்து பாகாட் நூலாலையின் இரவுப்பணி மேற்பார்வையாளரும், என் இல்லாள் யோகேஸ்வரியின் ஒரே தம்பியும், என் மகள் ரூபினியின் தாய்மாமனுமாகிய மைத்துனர் தங்கராஜு அவர்களுக்கு, சொல்லிடி வீரமுத்து கைகூப்பி எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு நலமா என்று கேட்டறிய வழியில்லை. நான்கு நாள்களாக உங்கள் தொலைபேசி என் எண்ணை ஏற்க மறுக்கிறது. மறுக்கும் அளவுக்கு உடலில் வலிமை இருக்கிறது என்பதால் நலமாகவே இருக்கிறீர்கள் என்று கொள்கிறேன். பதினொரு மணித்துளி நீளமுள்ள குரற்செய்தி ஒன்றையும் அனுப்பியிருந்தேன். அதை நீங்கள் திறக்கவே இல்லை என்று ரூபினி தன் திரையைக் காட்டி மெய்ப்பித்தாள். என் குரலுக்கு உங்கள் வீட்டில் இடமில்லாமற் போனதால் கையெழுத்தை அனுப்புகிறேன். சனிக்கிழமைப் பேருந்தில் உங்கள் அக்காள் இதைக் கொண்டுவருவாள். கடிதத்தை மறுத்தாலும் அக்காளை மறுக்கமாட்டீர்கள் என்பது என் துணிவு.

பொருளுக்கு வருகிறேன். வருகிற இருபத்தொன்றாம் நாள் ஞாயிறு காலை ரூபினிக்கு மண உறுதி விழா. உங்கள் அக்காள் மொழியில் நிச்சயதார்த்தம். வெற்றிலைத் தட்டை எடுத்து மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். அந்தத் தாய்மாமன் சென்ற ஞாயிறு மாலை தம் அக்காளை அழைத்து, "அக்கா, நான் அத்தான் கூட்டத்துல தூங்குற ஆளு, குப்பை, நான் எதுக்கு உங்க வீட்டு விசேஷத்துக்கு? தட்ட நீங்களே தூக்கிக் குடுத்துக்குங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். யோகேஸ்வரி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடச் சொல்லு" என்று சுவரிடம் சொல்கிறாள். தாய்மாமன் இல்லாத மேடையில் தான் உட்காரப் போவதில்லை என்று ரூபினி சொல்லிவிட்டாள். ஆகவே இக்கடிதம் என் மானத்தைக் காக்க எழுதப்படுவதன்று. அது ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. என் மகளின் விழாவைக் காக்க எழுதப்படுகிறது. ஞாயிறு காலை வானொலியில் நீங்கள் கேட்டது என் பேச்சன்று, என் பேச்சின் பாதி. மறுபாதியைத் தின்றது இயந்திரம். அதை ஒழுங்காகச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்கே வாகனப் பட்டறை ஒன்றின் மாடியில் 'அலைமுரசு' என்னும் இணைய வானொலியை நடத்துகிறவர் ரூபேந்திரன். நாற்பது வயதுக்காரர், காதில் எப்போதும் காதணியைப் போல ஒரு கேட்பொறி. 'உறவின் உயர்வு' என்னும் பொருளில் உரையாற்ற வேண்டும் என்று அவர் கேட்டபோது, நான் மறுக்கவில்லை. மறுப்பது போலக் கொஞ்ச நேரம் இருந்தேன். நாற்பது மணித்துளிக்கு எழுதினேன். பட்டறையில் தகரம் தட்டும் ஒலி ஓய்கிற உணவு வேளையில், முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டியிருந்த சிற்றறையில், கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். அவையோர் இல்லை, மாலை இல்லை, தலைவர் இல்லை. ஆயினும் மேடையில் எப்படிப் பேசுவேனோ அப்படியே, ஓர் அணுவும் குறையாமல் பேசினேன். நாற்பது மணித்துளிக்கு எழுதியது முப்பதிலேயே முடிந்துவிட்டது. "கரெக்ட் டைம் ஐயா" என்று ரூபேந்திரன் பாராட்டினார். சுருங்கச் சொல்லும் ஆற்றல் அறுபத்தெட்டு வயதில்தான் கைகூடுகிறது என்று எண்ணி மகிழ்ந்தபடி வீடு வந்தேன். உரை ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒலிபரப்பாகும் என்று உங்களுக்கும் நான்தானே மூன்று முறை செய்தி அனுப்பினேன். அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

இனி எங்கள் வீட்டுக் கணினி. ரூபினி சிங்கப்பூர் வேலைக்கு மடிக்கணினி வாங்கிவிட்டதால் பழைய மேசைக் கணினி கூடத்து மூலையில் விரிப்புப் போர்த்திக் கிடந்தது. சனிக்கிழமை மாலை விரிப்பை நீக்கி இயக்கினேன். அலைமுரசின் பக்கம் திரையில் வந்தது, கோடுகள் துள்ளின, ஒலி மட்டும் வரவில்லை. அளவை ஏற்றினேன், வரவில்லை. கூட்டத்தில் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பது போல ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தேன். அப்பழக்கத்தின் தொடர்ச்சியாக "ஒன்று, இரண்டு, மூன்று" என்று அதனிடம் சொல்லியும் பார்த்தேன். உங்கள் அக்காள் அடுக்களையிலிருந்து, "அது பேசணும், நீங்க கேட்கணும். நம்ம வீட்டுல நடக்காத காரியம், அதான் தகராறு பண்ணுது" என்றாள். அப்போது அவள் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் சாஜித்தை அழைத்தேன். வந்தவர் மேசைக்கு அடியில் புகுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், ஸ்பீக்கர் வயர மைக் ஓட்டையில குத்தி வெச்சிருக்கீங்க. அது பேசுறவங்களுக்கு உள்ள ஓட்டை" என்றார். நாற்பதாண்டுகளாக என் கைக்குப் பழகிய துளை அதுதான் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? கம்பியை மாற்றிச் செருகினார், அப்போதும் ஒலியில்லை. கணினி தன் ஒலியைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததாம். திரைக்குள் ஒலிபெருக்கியே கிடையாது. கேட்பார் இல்லாத இடத்தைப் பார்த்து, ஒருவர்கூடக் காது கொடுக்கவில்லை என்று தெரியாமல், முழு மூச்சாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அதையும் சரிசெய்த பின் ஒலி வந்தது. வந்து வந்து அறுந்தது. "அருகலை தொய்வாக இருக்கிறது போலும்" என்றேன். "தமிழ்ல சொல்லுங்க லா அங்கிள். வைஃபையா?" என்றார் சாஜித். குளிர்பெட்டியின் தலைமேல், முறுக்குத் தகரத்துக்குப் பின்னால் அந்த அலைபரப்பி ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கூடத்துக் கணினிவரை நீண்டதொரு கம்பியை, கம்பளத்துக்கு அடியிலும் நீள் இருக்கைக்குப் பின்னாலும் இழுத்துக் கொடுத்தார். போகும்போது வாயிலில் நின்று, "நாளைக்கு நிறைய பேரு வருவாங்கன்னு சொன்னீங்க. எல்லாரும் ஹேன்ட்ஃபோன்ல வைஃபை புடிச்சா லைன் ஸ்லோ ஆயிடும், பாத்துக்குங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லை நான் மிகையாகப் பின்பற்றினேன். வந்த வினைக்கெல்லாம் பாதி வழி அதுவே.

ஞாயிறு காலை பாலோவிலிருந்து மாப்பிள்ளை ஜீவனின் தந்தையார் மூர்த்தி, வீட்டார் பதினொருவருடன் வந்து இறங்கினார். தட்டுகளின் எண்ணிக்கை பேசவே வந்தார்கள். பத்து மணிக்கு வாருங்கள் என்று நேரம் குறித்தவன் நான். பக்கத்து வீட்டு ராஜம்மாவும் வந்திருந்தார். கூடம் நிறைந்தது. விழாவுக்கென்று யோகேஸ்வரி வாங்கிவைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், அவரவர் கைப்பேசியை அதில் வைக்கும்படி வேண்டினேன். "அப்பா, யாராச்சும் அவசரமா கூப்டுவாங்க" என்றாள் ரூபினி. "உறவைப் பற்றிய உரை இது. அரை மணி நேரம் உறவுகளின் இடையூறு இல்லாமல் கேட்போம்" என்றேன். பதினாறு கைப்பேசிகளையும் ஒலியடக்கித் தட்டோடு படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நீங்கள் ஏந்த வேண்டிய தட்டு அது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பத்து மணிக்கு என் குரல் எழுந்தது. குறை சொல்வதற்கில்லை, கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "உறவு குருதியில் இல்லை, உறுதியில் இருக்கிறது" என்று முதல் இடி விழுந்தது. அடுத்து அமைதி. அந்த அமைதி சற்றே நீண்டு, திடீரென்று ஒரு பெண் தன் இடுப்பைக் குறித்துப் பாடத் தொடங்கினாள். திரைப்பாடல். கூடம் என்னைப் பார்த்தது. "நல்லாதான் இருக்கு சம்பந்தி. பேச்சுக்கு நடுவுல பாட்டு வெச்சு பேசுறது இப்பல்லாம் ஸ்டைலு" என்றார் மூர்த்தி. அவர் நல்லவர். அரை மணித்துளி அவள் பாடினாள். அதற்குள் யோகேஸ்வரி ஓடிப்போய் நுண்ணலை அடுப்பை அணைத்தாள். பாட்டு நின்று என் பேச்சு வந்தது. ஆகவே குற்றவாளி நுண்ணலை அடுப்பு என்று முடிவு கட்டினோம்.

இரண்டு மணித்துளியில் மறுபடியும் இடுப்பு. இம்முறை மீன்தொட்டியின் காற்றுப்பொறியை நிறுத்தினேன், பேச்சு வந்தது. மூன்றாம் முறை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்திருந்தபோது, மூர்த்தி கால் மரத்து எழுந்தார். அவர் எழுந்த அதே நொடியில் பேச்சு வந்தது. கம்பி அவர் அமர்ந்திருந்த நீள் இருக்கைக்குப் பின்னால் ஓடுகிறது என்பது எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வந்தது. மீண்டும் உட்காரப் போனவரை நான் கையமர்த்தித் தடுத்தேன். "பரவால்ல சம்பந்தி, நின்னுக்கிறேன். முட்டிதான் கொஞ்சம்" என்றார். மாப்பிள்ளையின் தந்தையை, முட்டிவலிக்காரரை, என் உரை முடியும்வரை இருபத்தைந்து மணித்துளி சுவரோரம் நிறுத்திவைத்த ஒரே சம்பந்தி இந்த மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன். ஏழாம் இடையூறு வருவதற்குள் மின்விசிறி நின்றுவிட்டது, குளிர்பெட்டி நின்றுவிட்டது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின, கம்பியின் நடுப்பகுதியை ராஜம்மா மருத்துவமனையில் உப்புநீர்ப் புட்டி பிடிப்பது போல உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஏதோ ஒன்றைச் செய்தோம். ஒவ்வொரு முறையும் பேச்சு திரும்பி வந்தது. ஆகவே செய்தவை அனைத்தும் சரியென்று தோன்றின. அறிவியல் என்று நான் அன்றுவரை நம்பியிருந்தது இதைத்தான்.

எட்டாவதாக வந்தது உங்கள் இடம். நீங்கள் கேட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். "முப்பது ஆண்டுகளாக என் கூட்டங்களுக்கு வந்து, முதல் வரிசையில் அமர்ந்து, முதற்சொல் தொடங்கி முடிவுரைவரை உறங்குகிற மனிதர் ஒருவர் பத்து பாகாட்டில் இருக்கிறார். அவர் வேறு யாருமல்லர். என் மைத்துனர் தங்கராஜு. உறவே உறங்கினால் இனம் எப்படி விழிக்கும்?" இது முடிந்ததும் அமைதி. அமைதிக்குப் பின் இடுப்பு. அரை மணித்துளி கழித்து என் குரல் மீண்டபோது அது சொல்லிக்கொண்டிருந்தது: "இந்தக் குப்பையை நம் மங்கல வீடுகளின் வாசற்படிக்குள் நுழையவிடாதீர்கள்." திருமண அழைப்பிதழ்களில் புகுந்துவிட்ட பிறமொழிச் சொற்களைக் குறித்த அடுத்த பகுதி அது. உங்களைக் குறித்ததன்று. இதை நான் என் தாய்மொழியின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன். ஆனால் பத்து பாகாட்டில் இரவுப்பணி முடித்து வந்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் உடனே அழைத்தீர்கள். ஒன்பது முறை அழைத்தீர்கள். அக்காளுக்கு நான்கு, ரூபினிக்கு மூன்று, எனக்கு இரண்டு. படுக்கையறையில் வெற்றிலைத் தட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் நாங்கள் மின்விசிறி இல்லாமல் வியர்த்துக்கொண்டு என் குரலுக்குக் காவல் இருந்தோம். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நீங்கள் எண்ணியது இயல்பே. நானாயிருந்தால் அன்று மாலையே கண்டனக் கூட்டம் கூட்டியிருப்பேன்.

திங்களன்று சாஜித்தை மறுபடி அழைத்து, கணினியைத் தூக்கில் போடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு மணி நேரம் துருவிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல அங்கிள். கேபிள் சுத்தமா இருக்கு. மத்த ஸ்டேஷன் எல்லாம் நேரா ஓடுது. உங்க பேச்சுக்கு மட்டும் எப்படி நிக்கும்?" என்றார். "சதி" என்றேன். "யாரு பண்ணுவா?" என்றார். நினைத்துப் பார்த்தேன். எனக்கு எதிராகச் சதி செய்யும் அளவுக்கு என்னைப் பொருட்படுத்துகிறவர்கள் இப்போது யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெளிவாயிற்று. அது வேறு துயரம், இங்கே வேண்டாம்.

செவ்வாயன்று பட்டறை மாடிக்கே போனேன். ரூபேந்திரன் கேட்பொறியைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தம் திரையில் என் உரையை ஒரு நீண்ட பச்சைக் கோலமாகக் காட்டினார். மலையும் மலையுமாக ஓடிய கோலத்தில் ஆங்காங்கே மொட்டைத் தரை. "ஐயா, இங்க பாருங்க. இங்க, இங்க, இங்க. மொத்தம் பதினாலு இடத்துல சத்தமே இல்ல. அஞ்சு செகண்டு சத்தம் வரலன்னா லைன் செத்துப் போச்சுன்னு நெனச்சு சிஸ்டம் தானா பாட்டு போட்டுரும். அர நிமிஷம் ஓடிட்டுதான் பேச்சுக்குத் திரும்பும். அதுவரைக்கும் நீங்க அடியில பேசிக்கிட்டு இருப்பீங்க, யாருக்கும் கேட்காது. ஏன் ஐயா இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசினீங்க? மூச்சு வாங்குச்சா?"

"அவை கைதட்டலுக்கு விட்ட இடங்கள்" என்றேன்.

ரூபேந்திரன் முதன்முறையாகக் கேட்பொறியைக் கழற்றினார். "கைதட்டலா? யாரு ஐயா தட்டுவா? ரூம்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். நானும் மேகி தின்னுக்கிட்டு இருந்தேன்."

என் தரப்பை அவரிடம் வைத்தேன், உங்களிடமும் வைக்கிறேன். மேடையில் ஒரு பொருளைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பேன், நிறுத்துவேன், அவை ஆரவாரிக்கும், பிறகு அதை நேராகத் திருப்பி வைப்பேன். நாற்பதாண்டுகளாக என் உடம்பு அப்படித்தான் பேசும். முட்டை அட்டைகளுக்கு நடுவிலும் அப்படியே பேசியது. நாங்கள் அணைத்த அடுப்புக்கும், நிறுத்திய மீன்தொட்டிக்கும், நிற்கவைத்த மூர்த்திக்கும் இதில் தொடர்பே இல்லை. உங்களைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்ததை உலகம் கேட்டது. நேராகத் திருப்பி வைத்ததன் மேல் ஒரு பெண் இடுப்பைப் பற்றிப் பாடிவிட்டாள். அந்த மறுபாதியை என் குறிப்புத் தாளிலிருந்து, ஒரு புள்ளியும் மாற்றாமல், இங்கே படியெடுக்கிறேன்:

"அவர் ஏன் உறங்குகிறார் தெரியுமா? இரவெல்லாம் ஆலையில் நின்று, விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், நூற்று முப்பது கிலோமீட்டர் தாமே வண்டியோட்டி என் கூட்டத்துக்கு வருகிறார். நான் விழித்திருந்து பேசியது பெரிதன்று. அவர் விழித்திருந்து வந்தது பெரிது. உறங்கினாலும் இடையிடையே கண் திறந்து அவர் தட்டுவதே அரங்கின் முதல் கைதட்டல். உறவு என்று எனக்கு ஒன்று இருக்குமானால் அது முதல் வரிசையில் உறங்குகிறது."

இதுதான் மைத்துனரே, நான் உங்களைக் குறித்துச் சொன்னது. ரூபேந்திரனிடம் பாட்டுக் கலக்காத மூலப் பதிவு இருக்கிறது. இன்று மாலை வேலை முடிந்து வரும் வழியில் ரூபினி அதை விரலி ஒன்றில் வாங்கி வருகிறாள். அவள் அதைப் பென்டிரைவ் என்பாள். இக்கடிதத்தோடு அதையும் உறையிலிட்டு அனுப்புகிறேன். உங்கள் காதாலேயே கேளுங்கள். கேட்ட பின்பும் என்மீது பிழை இருக்குமானால் இருபத்தொன்றாம் நாள் வராதீர்கள். பிழை இயந்திரத்தின் மீதுதான் என்று உங்கள் நெஞ்சு சொன்னால், வந்து தட்டை எடுங்கள்.

உங்கள் இல்லத்தார் அனைவர்க்கும் என் அன்பு. ஆலையின் நூற்பொறிகள் ஓசை குறையாமல் ஓடுக. உங்கள் கால்வீக்கம் வடிக. விடியற்காலைச் சாலையில் உங்கள் வண்டிக்கு எதிரே பாரவண்டி எதுவும் வராதிருக்கட்டும். மூர்த்தி ஞாயிற்றுக்கிழமை நின்ற நிலையிலேயே உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் உங்கள் அத்தான்,
சொல்லிடி வீரமுத்து.

பின்குறிப்பு: வியாழன் மாலை. ரூபினி விரலியோடு வந்தாள். உறையை ஒட்டும் முன் நாமும் ஒருமுறை கேட்டுவிடுவோம் என்றாள். கணினி சீராக ஓடியது. ஒரு நொடிகூட அறுபடவில்லை. மின்விசிறி சுழன்றது, குளிர்பெட்டி ஓடியது, மீன்கள் அடியில் நீந்தின. நாங்கள் மூவரும் அமர்ந்து கேட்டோம்.

உங்கள் இடம் வந்தது. "உறவே உறங்கினால் இனம் எப்படி விழிக்கும்?" என்றேன். பிறகு ஒன்பது நொடி அமைதி. பிறகு நான் தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு தாள் புரளும் ஒலி. பிறகு, "அடுத்து அழைப்பிதழ்களுக்கு வருவோம்" என்கிறேன். பாட்டுக்கு அடியில் மறுபாதி இல்லை மைத்துனரே. எங்கும் இல்லை. நான் அதைச் சொல்லவே இல்லை.

ரூபினி மற்ற பதின்மூன்று இடங்களையும் ஓடவிட்டாள். எல்லா இடத்திலும் அப்படித்தான். தூக்கிப் பிடித்திருக்கிறேன், நிறுத்தியிருக்கிறேன், காத்திருந்திருக்கிறேன், பிறகு தாளைப் புரட்டியிருக்கிறேன். நாற்பது மணித்துளி முப்பதான கதை அது. கை தட்டாத அவையில் அந்தப் பொருளை நீட்டாமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்று என் ஆசான் கற்றுக்கொடுத்ததை எண்ணாமலே செய்திருக்கிறேன். இந்த முப்பதாண்டுகளில் அதைச் செய்ய நேர்ந்ததே இல்லை. ஏன் நேரவில்லை என்று சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அக்காள் நான்கு நாள்களில் முதன்முறையாகப் பேசினாள்: "அவன் தூங்கிக்கிட்டு இருப்பான். நீங்க கத்துற வரைக்கும் நல்லா தூங்குவான். நீங்க நிறுத்தினா முழிச்சுக்குவான். முழிச்ச ஒடனே தட்டுவான். அதுக்கப்புறம்தான் மத்தவங்க தட்டுவாங்க. தம்பி இல்லாம உங்களுக்குப் பேச்ச முடிக்கத் தெரியல."

உண்மை. ரூபேந்திரனின் இயந்திரம் ஒலி நின்று ஐந்து நொடியில் விழித்தது. நீங்கள் முப்பதாண்டுகளாக இரண்டு நொடியில் விழித்திருக்கிறீர்கள். அது பாட்டுப் போட்டது. நீங்கள் கை தட்டினீர்கள். உங்கள் கை இல்லாத அறையில் உங்களைப் பற்றிய நல்ல சொற்களை மட்டும் விழுங்கிவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே மேலே கணினியின் மீதும், இணையத்தின் மீதும், இடுப்பின் மீதும் சுமத்திய குற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதப் போனேன். உங்கள் அக்காள் பிடுங்கி மடித்து உறைக்குள் வைத்துவிட்டாள். விரலியும் உள்ளே இருக்கிறது. என் மானம் அதை எடுத்துவிடச் சொன்னது, அவள் விடவில்லை.

இருபத்தொன்றாம் நாள் நான் உரையாற்றப் போவதில்லை. இதை மூர்த்தியிடமும் சொல்லிவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை இரவு உங்களுக்கு ஆலையில் முறை என்று அக்காள் சொன்னாள். முடித்துவிட்டு நேரே வாருங்கள். முதல் வரிசையில் நடு நாற்காலி உங்களுக்கு. வெற்றிலைத் தட்டைக் கொடுக்கும் நேரம்வரை அதில் உறங்கலாம். எழுப்பமாட்டேன், கூடத்தைக் கொஞ்சம் அமைதியாக்கினால் நீங்களே விழித்துக்கொள்வீர்கள்.